ஸ்கேனர் கேட்க எந்த வட்டாரம்? இடங்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

வெளியூர் கிளம்பும்போதெல்லாம் பையில் ஒரு ஸ்கேனரை, அதாவது அலைவரிசைகளை வரிசையாகத் தேடி ரேடியோ பேச்சைக் கேட்க வைக்கும் ரிசீவரை, எடுத்து வைப்பது என் பழக்கம். ஒருமுறை, அலைவரிசைப் பட்டியலில் நூற்றுக்கணக்கான வரிகள் இருந்த ஒரு பெருநகரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். காவல்துறை முழுக்க என்கிரிப்ஷன், அதாவது வெளியார் கேட்க முடியாதபடி பூட்டிய பேச்சு. பேருந்து நிறுவனம் செல்போன் வழிக்கு மாறியிருந்தது. மிச்சத்தில் பாதி, யாரும் பேசாமல் கிடந்த பழைய சேனல்கள். அடுத்த வாரம் தங்கிய சின்னத் துறைமுக ஊருக்குப் பட்டியலில் நாற்பது வரிதான் இருந்தது. அங்கே என் நோட்டு நிரம்பிவிட்டது. துறைமுக வழிகாட்டியை ஏற்றிவரும் பைலட் படகு கப்பலை நெருங்கும்போது ஏணியை எந்தப் பக்கம் இறக்க வேண்டும் என்று கேட்பது, இழுவைப் படகுகள் கயிறு மாற்றுவது, இரவு 2 மணிக்கு நங்கூரம் இழுபட்டு நகரும் ஒரு சரக்குக் கப்பல் என்று தூங்கவே மனம் வரவில்லை.

அதன் பிறகு பட்டியலின் நீளத்தை வைத்து ஊரை எடைபோடுவதை விட்டுவிட்டேன். இப்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: சட்டத்துக்கு உட்பட்டு, நான் உட்காரும் இடத்திலிருந்து, எனக்குப் புரியும் மொழியில், ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேச்சு காதில் விழும்? அதற்கு விடை தேடும் வழி இது.

படி 1: எதைக் கேட்க ஆசை என்று எழுதிவையுங்கள்

விமானம், கப்பல், ரயில், தீயணைப்பு, ஹாம் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்), செயற்கைக்கோள். இவற்றில் உங்களுக்கு உயிரானவை இரண்டை மட்டும் முதலில் எழுதுங்கள். விமானப் பிரியருக்குச் சொர்க்கமாக இருக்கும் ஊர், ரயில் பிரியருக்குப் பாலைவனமாக இருக்கலாம். இதை முடிவு செய்யாமல் ஒப்பிட ஆரம்பித்தால் எல்லா ஊரும் ஒரே மாதிரி தெரியும்.

படி 2: சட்டத்தைப் பாருங்கள், கருவி வாங்கும் முன்பே

இதை இரண்டாவது படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. நாட்டுக்கு நாடு மிகப் பெரிய வேறுபாடு இங்கேதான்.

அமெரிக்காவில் ஸ்கேனர் வைத்திருப்பதும், என்கிரிப்ஷன் இல்லாத பொதுப் பாதுகாப்பு அலைவரிசைகளைக் கேட்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாக அனுமதிக்கப்பட்டவை. செல்போன் உரையாடலை இடைமறிப்பதை 1986-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம் தடை செய்தது. 1994 ஏப்ரலுக்குப் பிறகு 800 மெகாஹெர்ட்ஸ் செல்போன் பகுதியைப் பிடிக்கும் ஸ்கேனர்களை அங்கே தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் முடியாமல் போனது. அமெரிக்கச் சந்தைக்கான ஸ்கேனர்களில் 824–849, 869–894 மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் விடுபட்டிருப்பது அதனால்தான், கருவியில் கோளாறு இல்லை. அதற்கு மேல் மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. நியூயார்க், ஃபுளோரிடா, மினசோட்டா, கென்டக்கி, இண்டியானா போன்ற மாநிலங்கள் காவல்துறையைக் கேட்கும் ஸ்கேனரை வாகனத்திலோ வெளியிலோ எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. வீட்டில் சரி, காரில் குற்றம் என்ற நிலை. சாலைப் பயணத்தில் மாநில எல்லை தாண்டும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பிரிட்டனில் நிலைமை தலைகீழ். ரிசீவர் வாங்கலாம், வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2006-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், 48-ஆம் பிரிவின்படி, உங்களுக்கு என்று அனுப்பப்படாத செய்தியின் உள்ளடக்கத்தை அறியும் நோக்கத்தோடு கேட்பது குற்றம். பொது ஒலிபரப்பு, ஹாம், சிபி எனப்படும் பொதுமக்கள் ரேடியோ, வானிலை மற்றும் வழிகாட்டு ஒலிபரப்புகள் இவைதான் தடையில்லாதவை. விமான நிலைய வேலியோரம் கையில் ரிசீவரோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் இப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தோன்றாது. ஆனால் இருக்கிறது. விமானக் கட்டுப்பாட்டு உரையாடலை இணையத்தில் நேரலையாகத் தரும் தளங்களில் பிரிட்டன் விமான நிலையங்கள் இல்லாததும் இதனால்தான். ஜெர்மனியும் கிட்டத்தட்ட இதே வழியில் போகிறது: பொதுமக்களுக்கானது, ஹாம், யாருக்கென்று வரையறுக்காமல் அனுப்பப்படுவது ஆகியவற்றைக் கேட்கலாம், மற்றவற்றைக் கூடாது.

ஜப்பானின் அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கேட்பது குற்றம் இல்லை. கேட்டதை வெளியே சொல்வதும், அதைப் பயன்படுத்திக்கொள்வதும்தான் குற்றம். அப்படி ஒரு உரையாடல் நடந்தது என்பதைக்கூட வெளியிடக் கூடாது. காதுக்கு விடுதலை, நாக்குக்குக் கட்டுப்பாடு.

இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் கேட்டது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்ற அடித்தளத்தில்தான் நிற்கிறது. எவற்றுக்கு விலக்கு என்பதை அவ்வப்போதைய அறிவிக்கைகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாம் தேர்வு எழுதி உரிமம் எடுத்தவருக்கு ஹாம் பட்டைகளிலாவது கால் ஊன்ற நேர்மையான இடம் கிடைக்கிறது.

ஒப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள். கருவி வைத்திருக்கலாமா? கேட்கலாமா? வாகனத்தில் எடுத்துச் செல்லலாமா? பதிவு செய்து பிறருக்குத் தரலாமா? இரண்டாவது கேள்விக்கு 'கூடாது' என்று விடை வந்த சேவைகளை அங்கேயே அடித்துவிடுங்கள். மேலே கணக்குப் போட ஒன்றுமில்லை.

படி 3: உலகம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதைத் தனியே பிரியுங்கள்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, பழைய சோவியத் நாடுகள், மேற்காசியாவின் பெரும்பகுதி முதல் மண்டலம். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது. மிச்ச ஆசியாவும் ஓசியானியாவும் மூன்றாவது.

விமானமும் கப்பலும் எல்லை கடந்து போகிறவை என்பதால் அவற்றின் அலைவரிசைகள் எங்கும் ஒன்றே. விமானக் குரல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம் முறையில். ஆபத்து அலைவரிசை 121.5. கடலில் 156 முதல் 162 வரை, எஃப்எம் முறையில். அழைப்புக்கும் ஆபத்துக்கும் 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் 161.975, 162.025. விமானங்கள் அதையே செய்யும் ஏடிஎஸ்-பி 1090. இவற்றுக்கு ஊர் மாறினாலும் கருவி மாற வேண்டாம்.

ஒரு நுணுக்கம் மட்டும் இருக்கிறது. ஐரோப்பாவில் விமானச் சேனல்களுக்கு இடையே 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான், மற்ற பல இடங்களில் 25. அங்கே பட்டியலில் 118.010 என்று பார்த்தால் அது சேனலின் பெயர். உண்மையான அலைவரிசை 118.0083. 25 அல்லது 12.5 படியில் மட்டும் நகரும் பழைய ஸ்கேனர், ஐரோப்பிய வானத்தில் பாதிப் பேச்சைக் கோட்டைவிடும்.

ஹாம் பட்டைகள் மண்டலத்துக்கு ஏற்பக் கொஞ்சம் மாறும். இரண்டு மீட்டர் பட்டை முதல் மண்டலத்தில் 144–146, இரண்டாவதில் 144–148. ஹாம்கள் இருப்பிடமும் குறுந்தகவலும் அனுப்பும் ஏபிஆர்எஸ் வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.800 எல்லோருக்கும் பொது.

அடுத்து மொழி. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. விமானக் கட்டுப்பாட்டில் ஆங்கிலம் கட்டாயம் கிடைக்க வேண்டும் என்பதுதான் விதி. உள்ளூர் விமானிகள் உள்ளூர் மொழியில் பேசலாம். பிரான்சில் பிரெஞ்சும், கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சும் ஆங்கிலமும், ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஸ்பானியமும் கலந்து ஓடும். சிக்னல் கண்ணாடி போல் தெளிவாக இருந்தும் பாதி உரையாடல் புரியாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

படி 4: தரைவழிச் சேவைகள் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?

வட்டாரங்களின் தலையெழுத்து தீர்மானமாவது இங்கேதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

ஐரோப்பாவில் அவசர சேவைகள் பெரும்பாலும் 380–400 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் டெட்ரா என்ற டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டன. பிரிட்டனின் ஏர்வேவ், நெதர்லாந்தின் சி2000, பின்லாந்தின் விர்வே எல்லாம் இந்த வகை. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் டெட்ராபோல் என்ற வேறொரு டிஜிட்டல் முறையின் வழியில் போயின. எல்லாம் என்கிரிப்ஷனில் இருப்பவை. ஸ்கேனர் ஆர்வலருக்கு அங்கே கதவு மூடிவிட்டது, அதைத் தட்டிக்கொண்டு நிற்பதில் பயனில்லை. ரயிலும் ஜிஎஸ்எம்-ஆர் என்ற டிஜிட்டல் வலையமைப்புக்கு மாறிவிட்டது. ஐரோப்பாவை விமானம், கடல், ஹாம், 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கிகள் ஆகியவற்றுக்காக மட்டுமே, அவற்றிலும் படி 2-இல் அடிபடாதவற்றுக்காக மட்டுமே ஒப்பிடுங்கள்.

வட அமெரிக்காவில் பி25 என்ற டிஜிட்டல் முறை பரவலாக இருக்கிறது. அது டிஜிட்டல் என்பதாலேயே பூட்டப்பட்டது ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு. என்கிரிப்ஷன் போடாத பி25-ஐ டிஜிட்டல் ஸ்கேனர் அப்படியே குரலாக்கிக் கொடுக்கும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பூட்டுகள் கூடி வருகின்றன. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கச் சொல்லி 2020-இல் கலிஃபோர்னியா நீதித்துறை அனுப்பிய அறிவுறுத்தலுக்குப் பின் அங்கே பல காவல்துறைகள் மூடிக்கொண்டன. நியூயார்க் நகரக் காவல்துறை 2023-இல் மூடத் தொடங்கியது. ஐந்து வருடம் முன்பு யாரோ புகழ்ந்த ஊரை இன்று நம்பிப் போகாதீர்கள். அதே ஊரில் தீயணைப்பும் ஆம்புலன்சும் இன்னும் திறந்திருக்கலாம், அதனால் துறைவாரியாகப் பாருங்கள்.

இதைக் காதால் எப்படி அறிவது? ட்ரங்கிங் அமைப்பில், அதாவது பல குழுக்கள் சில சேனல்களை மாறி மாறிப் பகிரும் முறையில், ஒரு கண்ட்ரோல் சேனல் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். சாதாரண எஃப்எம் ரிசீவரில் அது தேன்கூட்டை உலுக்கியது போன்ற ஓயாத ரீங்காரமாகக் கேட்கும். எந்தக் குழு எந்தச் சேனலுக்குப் போக வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. டிஜிட்டல் ஸ்கேனர் அதைப் படித்து டாக்குரூப்பின், அதாவது பேசும் குழுவின், எண்ணைக் காட்டும். என்கிரிப்ஷன் உள்ள குழுவாக இருந்தால், எண் ஒரு கணம் மின்னிவிட்டுக் குரல் வராமல் அடுத்ததுக்குத் தாவும். ஒரு மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை குழு திறந்தது, எத்தனை மூடியது என்ற கணக்கு கைக்கு வந்துவிடும்.

திறந்திருந்தும் கேட்காத ஒரு நிலையும் உண்டு. பெருநகரங்களில் ஒரே சிக்னலைப் பல கோபுரங்கள் ஒரே நேரத்தில் அனுப்பும். அவை உங்கள் ஆன்டெனாவுக்குச் சில மைக்ரோவினாடி வித்தியாசத்தில் வந்து ஒன்றையொன்று குழப்பும். சிக்னல் கோடு முழுதாக இருக்கும், குரல் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல உடையும். இதைச் சமாளிக்கவே யூனிடன் நிறுவனம் 2018-இல் எஸ்டிஎஸ்100 என்ற கைக்கருவியைக் கொண்டுவந்தது. அது இல்லையென்றால், ஒரு கோபுரத்தை மட்டும் நோக்கும் யாகி ஆன்டெனா உதவும். சில சமயம் ஜன்னலை மாற்றி உட்கார்ந்தாலே போதும்.

ரயில் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ரயில்வே குரல் 160.215 முதல் 161.565 மெகாஹெர்ட்ஸ் வரை, பெரும்பாலும் திறந்த எஃப்எம்மில் இன்னும் ஓடுகிறது. தண்டவாளத்தோரம் நிற்கும் கண்காணிப்புக் கருவி, ரயில் கடந்ததும் ஓர் இயந்திரக் குரலில் தன் மைல்கல் எண்ணையும், பழுது இல்லை என்பதையும், மொத்தம் இத்தனை அச்சு என்பதையும் சொல்லும். ஆள் நடமாட்டமில்லாத சமவெளியில், நடுராத்திரியில், அந்தக் குரல் ஒன்று மட்டும் ஒலித்து அடங்கும். சற்று நேரம் கழித்துத்தான் தூரத்தில் ஹார்ன் கேட்கும். இதற்காகவே ஒருவர் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தால் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்வேன்.

படி 5: அடிவானத்தைக் கணக்கிடுங்கள்

விஎச்எஃப் (30–300 மெகாஹெர்ட்ஸ்), யுஎச்எஃப் (300–3000) அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகின்றன. ரேடியோ அடிவானத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். இரு முனைக்கும் தனித்தனியே போட்டுக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது மாடியில், 9 மீட்டர் உயரத்தில் உங்கள் ஆன்டெனா: 3 × 4.12, சுமார் 12 கிலோமீட்டர். 10,000 மீட்டரில் பறக்கும் விமானம்: 100 × 4.12, அதாவது 412. கூட்டினால் 424 கிலோமீட்டர் வரை விமானியின் குரல் எட்டும். அதே ஆன்டெனாவுக்கு, 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த கப்பல் சுமார் 33 கிலோமீட்டரில் மறைந்துவிடும். நீங்கள் 400 மீட்டர் குன்றின் மேல் ஏறினால் அந்தக் கப்பல் 100 கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். விமானம் கேட்க மலை தேவையில்லை. விமானப் பாதைக்கு அடியில் இருந்தாலே போதும். ஆனால் விமானியின் குரல் வரும், கட்டுப்பாட்டாளரின் பதில் வராது, ஏனென்றால் அவருடைய ஆன்டெனா தரையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்க வேண்டுமானால் அந்த நிலையத்துக்கு அருகில் இருக்க வேண்டும். பாதி உரையாடலை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டுவது எனக்குச் சலிப்பு. சிலருக்கு அதுவே புதிர் போல இன்பம்.

கடலோர வட்டாரங்களுக்குக் கணக்கில் வராத ஒரு கூடுதல் வரம் உண்டு. வெப்பமான மாதங்களில் கடல் மேல் குளிர்ந்த காற்றுக்கு மேலே வெப்பக் காற்று படிந்து, அலைகளை ஒரு குழாய்க்குள் போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோகும். மத்தியதரைக் கடலும் பாரசீக வளைகுடாவும் இதற்குப் பேர்போனவை.

படி 6: இரைச்சலை அளந்து பாருங்கள்

வானம் எவ்வளவு வளமாக இருந்தாலும், பக்கத்துச் சுவரில் மட்டமான எல்இடி விளக்கு, சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர், மின்கம்பி வழி இணையக் கருவி ஆகியவை இருந்தால் காது அடைத்துவிடும். எஸ்டிஆர் டாங்கிள் என்ற, கணினியில் செருகும் சிறு ரிசீவரைப் பொருத்தி, யாரும் பேசாத ஒரு விமான அலைவரிசையில் இரைச்சல் மட்டம் எத்தனை டெசிபெல் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கெயினை (ரிசீவரின் பெருக்க அளவை) மாற்றாமல் அடுத்த இடத்திலும் குறியுங்கள். 10 டெசிபெல் வித்தியாசம் வந்தால் அது சாதாரண விஷயம் இல்லை.

எஃப்எம் ஒலிபரப்புக் கோபுரம் அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் அது 88–108 மெகாஹெர்ட்ஸ், விமானப் பட்டைக்கு ஒட்டிய வீடு. விமானச் சேனலில் பின்னணியில் பாட்டு கேட்டால் ரிசீவர் திணறுகிறது என்று பொருள். எஃப்எம் தடுப்பு வடிகட்டி ஒன்று போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஆகவே இதற்காக ஓர் இடத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 7: போகும் முன் தூரத்திலிருந்து கேளுங்கள்

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால், உலகெங்கும் ஆர்வலர்கள் திறந்து வைத்திருக்கும் கிவிஎஸ்டிஆர் ரிசீவர்களை உலாவியிலேயே திருகிக் கேட்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2008-இல் தொடங்கிய வெப்எஸ்டிஆர் இன்னொரு நல்ல ஜன்னல். கடல் கடக்கும் விமானங்களின் சிற்றலைப் பேச்சை இப்படித்தான் வட்டாரவாரியாக ஒப்பிடுவேன். விமானத் தட வரைபடத்தை ஒரே நேரத்தில் திறந்துவைத்து, எந்த மணிக்கு எத்தனை விமானம் அந்த வானத்தில் இருக்கிறது என்று மூன்று நாள் குறித்தால், கிளம்பும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

படி 8: ஒரே கருவி, ஒரே ஆன்டெனா, ஒரு நாள்

நேரில் போனதும் எந்த அளவுகோலையும் மாற்றாதீர்கள். காலை 6–8, நண்பகல் 12–2, இரவு 8–10 என மூன்று வேளை. பேச்சில்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் திருகை, இரைச்சல் அடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வைத்து அங்கேயே விடுங்கள். பட்டியலில் இருப்பதை ஸ்கேன் செய்வதோடு, ஒவ்வொரு வேளையிலும் அரை மணி நேரம் முழுப் பட்டையையும் தேடலில் விடுங்கள். பட்டியலில் இல்லாத நல்ல சேனல்கள் அப்படித்தான் அகப்படும்.

நோட்டில் நேரம், அலைவரிசை, முறை, யார், எத்தனை வினாடி, புரிந்ததா என்ற ஆறு பத்திகள் போதும். என் வரிகள் இப்படி இருக்கும்: '06.42, 156.8, எஃப்எம், கப்பல்–துறைமுகம், 20 வினாடி, புரிந்தது, 12-ஆம் சேனலுக்குப் போனார்கள்.' புரியாத பேச்சையும் எழுதுங்கள், ஆனால் கூட்டலில் சேர்க்காதீர்கள். விமானச் சேனல்களுக்கு ஆர்டிஎல்-ஏர்பேண்ட் என்ற மென்பொருள் பேச்சு வரும்போது மட்டும் பதிவு செய்து வைக்கும். படி 2-இல் பதிவுக்கு 'கூடாது' என்று எழுதிய இடத்தில் அதைத் தொடாதீர்கள்.

படி 9: கூட்டிப் பார்த்து, கருவியை முடிவு செய்யுங்கள்

மூன்று வேளைக்குள் புரிந்த பேச்சு எத்தனை நிமிடம் என்று சேவைவாரியாகக் கூட்டுங்கள். படி 1-இல் எழுதிய இரண்டு ஆசைகளின் நிமிடங்களை மூன்றால் பெருக்குங்கள், மற்றவை அப்படியே. உதாரணத்துக்கு, ரயிலும் கடலும் பிடித்தவர் ஒருவர். முதல் ஊரில் விமானம் 90 நிமிடம், கடல் 5: மொத்தம் 105. இரண்டாவது ஊரில் விமானம் 20, கடல் 25, ரயில் 15: மொத்தம் 140. மூன்றுதான் சரியான எண் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உங்கள் மனம் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு வையுங்கள், ஆனால் நோட்டைப் பார்க்கும் முன்பே வையுங்கள்.

கருவி இதற்குப் பிறகுதான். ஐரோப்பாவுக்கும் கடலோரத்துக்கும் 8.33 படி உள்ள எளிய அனலாக் கைக்கருவி போதும். யூனிடன் 125 வரிசையோ ஐகாம் ஆர்6-ஓ அந்த வேலையைச் செய்யும். திறந்த பி25 இருக்கும் வட அமெரிக்க வட்டாரத்துக்குத்தான் ட்ரங்கிங் டிஜிட்டல் ஸ்கேனர் தேவை. இன்னும் முடிவாகவில்லை என்றால் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தை ஆன்டெனாவில் போடுங்கள்.

தோற்ற ஊரின் நோட்டைத் தூக்கிப் போடாமல், எந்தப் பருவத்தில் கேட்டீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அமெரிக்காவின் மேற்கு மலைப்பகுதிகள் குளிர்காலத்தில் ஊமை. காட்டுத்தீக் காலம் வந்ததும் தீயணைப்பு விமானங்களும் தரைக்குழுக்களும் விஎச்எஃப்பில் திறந்த எஃப்எம்மில் பேச ஆரம்பிக்கும், 168.625 மெகாஹெர்ட்ஸ் வானிலிருக்கும் தீயணைப்பு விமானங்களின் அவசர அழைப்புச் சேனல். ஜனவரியில் 10 நிமிடம் எழுதிய அதே பள்ளத்தாக்கில், ஆகஸ்டில் பேனாவைக் கீழே வைக்க நேரம் இருக்காது.